ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு தத்துவத்துக்குள் நுழைவது எப்படி

தத்துவம் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வரலாற்றிலிருந்து தொடங்குகிறார்கள். தேலீஸ், சாக்ரட்டீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று பெயர்வரிசை நீள்கிறது. டெக்கார்ட்டை எட்டுவதற்குள் பலர் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். யார் என்ன விடை சொன்னார் என்பதை மனப்பாடம் செய்கிறோம். அது எந்தக் கேள்விக்கான விடை என்பது உறைப்பதே இல்லை. கேள்வி நம்மைப் பிடித்து உலுக்காதவரை காண்ட் சொன்னதும் நாகார்ஜுனர் சொன்னதும் நமக்கு வெறும் தகவல்தான்.

அதனால் இங்கே வேறு பாதையில் போகலாம். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். அதைப் பிரித்துப் பார்க்கப் பார்க்க, தத்துவத்தின் முக்கியக் கிளைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கிளை என்பது வேறொன்றுமில்லை, கேள்வியின் வகை. இதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டால், பிறகு உங்கள் சொந்தக் கேள்வியை வைத்து நீங்களே நடக்கலாம்.

முதல் படி: உங்களை இரண்டு பக்கமும் இழுக்கும் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

பிராகில் பிறந்த எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா 1924 ஜூன் 3 அன்று இறந்தார். அதுவரை அவர் அச்சில் வெளியிட்டவை சில சிறு நூல்கள்தான். அவர் மேசையில் நண்பர் மாக்ஸ் பிராடுக்கு எழுதிய குறிப்புகள் கிடைத்தன. தான் விட்டுச்செல்லும் கையெழுத்துப்படிகள், நாட்குறிப்புகள், கடிதங்கள் எல்லாவற்றையும் படிக்காமல் எரித்துவிட வேண்டும் என்பது அவற்றில் இருந்த வேண்டுகோள். பிராடு எரிக்கவில்லை. 1925இல் ‘விசாரணை’ நாவலையும், 1926இல் ‘கோட்டை’ நாவலையும் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டு இலக்கியத்தின் முகத்தையே மாற்றிய எழுத்துகள் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன.

பிராடு செய்தது சரியா?

மேலே படிக்கும் முன் உங்கள் விடையை ஒரே வரியில் எழுதி வையுங்கள். கடைசியில் அது மாறியிருந்தாலும் சரி, மாறாவிட்டாலும் சரி. எங்கிருந்து கிளம்பினீர்கள் என்பது தெரிந்திருந்தால்தான் எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று அளக்க முடியும்.

ஒரு கேள்வி தத்துவக் கேள்விதானா என்று கண்டுகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. எல்லாத் தகவலும் கையில் வந்துவிட்டால் கேள்வி தீர்ந்துவிடுமா? காஃப்கா எத்தனை பக்கம் எழுதி வைத்திருந்தார் என்பதை எண்ணினால் தெரிந்துவிடும். அந்தக் குறிப்புகள் அன்றைய சட்டப்படி உயிலாகுமா என்பதை ஒரு வழக்கறிஞர் சொல்லிவிடுவார். ஆனால் காஃப்கா முழுமனதோடுதான் அப்படி விரும்பினார் என்று ஐயமறத் தெரிந்தாலும், ‘உயிரோடிருக்கும் ஒருவர் அதற்குக் கட்டுப்பட வேண்டுமா?’ என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எந்த ஆவணமும் அதைத் தீர்க்காது. காரணங்களை எடைபோட்டுத்தான் தீர்க்க வேண்டும். தத்துவத்தின் வேலை அங்கே ஆரம்பமாகிறது.

இரண்டாம் படி: கேள்வியை உடையுங்கள்

‘சரியா?’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. காஃப்கா உண்மையில் என்ன விரும்பினார், அது நமக்கு எப்படித் தெரியும்? இறந்துபோன ஒருவருக்குத் தீங்கு செய்ய முடியுமா? அவர் விருப்பத்தை நிறைவேற்றும் கடமை நண்பருக்கு உண்டா? ஒரு நாவலின் சிறப்பு அந்தக் கடமையைத் தள்ளிவைக்கப் போதுமானதா? இறந்தவர்களின் விருப்பப்படி நடக்குமாறு ஒரு சமூகம் தன் சட்டத்தால் மனிதர்களைக் கட்டாயப்படுத்தலாமா?

முதலாவது அறிவைப் பற்றியது: அறிவாராய்ச்சியியல். இரண்டாவது, எது உள்ளது, எது இல்லாமல் போகிறது என்பது பற்றியது: மீவியற்பியல். மூன்றாவது அறவியல், நான்காவது அழகியல், ஐந்தாவது அரசியல் தத்துவம். இவை எல்லாவற்றுக்கும் அடியில், எந்தக் காரணம் எந்த முடிவைத் தாங்கும் என்று பார்க்கும் அளவையியல் இருக்கிறது.

தமிழில் இந்தக் கிளைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் புழங்குகின்றன என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். தத்துவத்தை மெய்யியல் என்றும், அளவையியலைத் தருக்கவியல் என்றும், அறவியலை ஒழுக்கவியல் என்றும், மீவியற்பியலைப் பௌதிகவதீதம் என்றும் எழுதும் நூல்கள் உண்டு. பெயர் புதிதாக இருந்தால் மிரள வேண்டாம். அந்த அத்தியாயம் எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்று பாருங்கள், அடையாளம் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: வாதத்தை வரிவரியாக எழுதுங்கள்

தொடக்கநிலையில் எல்லாரும் தாண்டிப்போக நினைப்பது இந்தப் படியைத்தான். என்னைக் கேட்டால், ஒரு மாதம் வேறெதுவும் படிக்காமல் இதை மட்டும் பழகினாலும் நேரம் வீணாகாது.

பிராடைக் குறைசொல்கிறவர் வழக்கமாகச் சொல்வது இது: ‘நண்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை.’ விரித்து எழுதினால் இப்படி வரும்.

ஒன்று: கொடுத்த வாக்கை மீறுவது தவறு.
இரண்டு: பிராடு எரிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு, எரிக்காமல் விட்டார்.
ஆகவே: பிராடு செய்தது தவறு.

முதல் இரண்டும் எடுகூற்றுகள், மூன்றாவது முடிவு. இப்போது இரண்டு சோதனைகளைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்று, எடுகூற்றுகள் உண்மை என்றே வைத்துக்கொண்டால் முடிவு தப்பாமல் வருகிறதா? இது வாதத்தின் வடிவம் பற்றியது. மற்றது, எடுகூற்றுகள் உண்மைதானா?

இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘எல்லாப் பறவைகளும் பறக்கும், நெருப்புக்கோழி ஒரு பறவை, ஆகவே நெருப்புக்கோழி பறக்கும்.’ வடிவத்தில் குறையே இல்லை. முதல் எடுகூற்று பொய். ‘மழை பெய்தால் தரை நனையும், தரை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்திருக்கிறது.’ இங்கே எடுகூற்றுகள் இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும், வடிவம் உடைந்திருக்கிறது. யாராவது தண்ணீர் ஊற்றியிருக்கலாமே. முடிவு உண்மையாக அமைந்துவிட்டதாலேயே வாதம் நல்ல வாதம் ஆகிவிடாது என்பதை இரண்டாவது எடுத்துக்காட்டு காட்டுகிறது. உண்மையிலேயே மழை பெய்திருந்தாலும் அந்த வாதம் உடைந்ததுதான்.

பிராடு வழக்குக்குத் திரும்புவோம். வடிவம் சரி. இரண்டாவது எடுகூற்றில்தான் சிக்கல். காஃப்கா உயிரோடிருந்தபோதே, ‘இப்படிக் கேட்டால் நான் செய்ய மாட்டேன்’ என்று அவரிடம் நேரில் சொல்லிவிட்டதாகப் பிராடு எழுதியிருக்கிறார். அது உண்மையானால் வாக்கு என்ற ஒன்று கொடுக்கப்படவே இல்லை. நடந்தது வேண்டுகோளும் மறுப்பும். வாதம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

அதோடு பிராடு வென்றுவிட்டார் என்று எண்ண வேண்டாம். ஒரு வாதம் சரிந்தால் அதை முன்னிலும் உறுதியாகக் கட்டிப்பார்ப்பது தத்துவ மாணவரின் கடமை. ‘தன் அச்சாகாத எழுத்தை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை எழுதியவருக்கே உண்டு. இறப்பால் அந்த உரிமை போய்விடாது. ஆகவே பிறர் அதை மதிக்க வேண்டும்.’ இப்போது வாக்குறுதி தேவையில்லை. பிராடின் மறுப்பும் இதை அசைக்காது. சுமை முழுவதும் ‘இறப்பால் அந்த உரிமை போய்விடாது’ என்ற வரியின் மேல் ஏறிவிட்டது. எந்த வரி பாரத்தைச் சுமக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்தப் பழக்கம் கிரேக்கத்துக்கு மட்டும் உரியதன்று. ஒரு வாதத்துக்கு ஐந்து உறுப்புகள் வேண்டும் என்று, வாதமுறையை ஆராய்ந்த இந்தியத் தத்துவப் பள்ளியான நியாய மரபு வகுத்தது. மணிமேகலையின் 29ஆம் காதையிலும் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என அவை வருகின்றன. இந்த மலையில் நெருப்பு உண்டு; ஏனென்றால் புகை தெரிகிறது; புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும், அடுக்களையைப் போல; இந்த மலையிலும் புகை உண்டு; ஆகவே நெருப்பு உண்டு. அரிஸ்டாட்டிலின் முக்கூற்று வாதத்தோடு ஒப்பிட்டால், இங்கே எடுத்துக்காட்டு வாதத்தின் உறுப்பாகவே இடம்பெறுவது கவனிக்கத்தக்கது. பொதுவிதி சொல்கிறாயா, அது நடந்ததைக் கண்ட இடம் ஒன்றைக் காட்டு என்று அந்த மரபு கேட்கிறது. பழகுவதற்கு மிக நல்ல வழக்கம் இது.

வழுக்களின், அதாவது வாதப் பிழைகளின், பட்டியல் ஒன்றை உருப்போட்டு, எதிராளி வாய் திறந்ததும் ‘இது இன்ன வழு’ என்று பெயர் சூட்டுவது பலருக்குப் பிடித்த வேலை. தொடக்கத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள். எந்த எடுகூற்று, ஏன் நிற்கவில்லை என்று சொல்லத் தெரிந்தவருக்கு வழுவின் பெயர் தேவைப்படாது.

நான்காம் படி: ஒவ்வொரு கிளைக்குள்ளும் கொஞ்ச தூரம் போய்வாருங்கள்

அறிவாராய்ச்சியியலில் ஆரம்பிக்கலாம். காஃப்கா என்ன விரும்பினார் என்பது நமக்கு எப்படித் தெரியும்? குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் எரிக்கச் சொன்ன அதே மனிதர், இறுதி வாரங்களில் ‘பட்டினிக் கலைஞன்’ தொகுப்பின் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். எரிக்க மாட்டேன் என்று சொன்ன நண்பரிடமே எரிக்கும் பொறுப்பைக் கொடுத்தார் என்றால், மனதின் ஆழத்தில் எரிக்கப்படாமலிருக்க விரும்பினாரோ என்று பிராடு வாதிட்டார். கூர்மையான வாதம். ஆனால் அந்த உரையாடல் நடந்ததற்குச் சாட்சி பிராடு ஒருவர்தான், அவருக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. சொந்த அக்கறை உள்ளவரின் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம்?

நம் மரபில் அறிவு வரும் வழிகளை அளவைகள் என்பார்கள். சைவ சித்தாந்தம் அவற்றைக் காட்சி, கருதல், உரை என மூன்றாகத் தொகுத்துக்கொண்டது. கண்டறிவது, கண்டதிலிருந்து ஊகித்தறிவது, நம்பத்தகுந்தவர் சொல்லக் கேட்டறிவது. கண்ணால் காணும் உலகமே உண்மை என்ற உலகாயதர் காட்சி ஒன்றையே ஏற்றார்கள். ஒரு பயிற்சி செய்து பாருங்கள். உறுதியாகத் தெரியும் என்று நீங்கள் நினைக்கும் பத்து விஷயங்களை எழுதி, ஒவ்வொன்றும் இந்த மூன்றில் எதன் வழியாக வந்தது என்று குறியுங்கள். நீங்கள் பிறந்த நாள், பூமியின் வயது, உடலில் இதயம் எங்கே இருக்கிறது என்பது வரை ‘உரை’ எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது திகைக்க வைக்கும். சாட்சியத்தைப் பற்றிய கேள்வி ஏன் இவ்வளவு பெரியது என்பது அப்போது புரியும்.

அறிவு என்றால் என்ன என்பதற்கு நெடுங்காலம் கையாளப்பட்ட வரையறை ஒன்று உண்டு: உண்மையாகவும், தக்க காரணத்தோடும் அமைந்த நம்பிக்கை. 1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரையில் இதை ஆட்டம் காண வைத்தார். அதற்குச் சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன்பே, 8ஆம் நூற்றாண்டின் பௌத்த அறிஞர் தர்மோத்தரர் இதே வகையான எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறார். பாலையில் நீர் தேடுகிறவன் தொலைவில் கானலைக் கண்டு நீர் என்று நம்பி அங்கே போகிறான். கானல் மறைந்துவிடுகிறது. ஆனால் அதே இடத்தில் ஒரு பாறைக்கடியில் உண்மையாகவே நீர் இருக்கிறது. அங்கே நீர் இருப்பதாக அவன் நம்பினான், நம்பிக்கை உண்மையாயிற்று, கண்ணால் கண்டதே அவனுக்குக் காரணம். கிளம்பும்போது அங்கே நீர் இருப்பது அவனுக்கு ‘தெரியுமா’? தெரியாது என்றே பெரும்பாலோர் சொல்வோம். அப்படியானால் வரையறையில் ஏதோ குறைகிறது. குறைவது என்ன என்று நீங்களே ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், பிறகு அந்த வரியை உடைக்கும் வேறொரு கதையைக் கட்டுங்கள். ஒரு மாலைப் பொழுதை இதில் செலவழித்தால் அறிவாராய்ச்சியியல் எப்படி நடக்கிறது என்பது கைக்கு வந்துவிடும். கனவையும் நனவையும் பிரிப்பது எப்படி என்று கேட்ட சுவாங் சி, எல்லாவற்றையும் ஐயப்பட்டுப் பார்த்த டெக்கார்ட், நேற்று வரை நடந்தது நாளையும் நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்ட ஹியூம் ஆகியோர் இந்தக் கிளையில் அடுத்து சந்திக்க வேண்டியவர்கள்.

மீவியற்பியலுக்கு வருவோம். இறந்தவருக்குத் தீங்கு நேருமா? கிரேக்கத் தத்துவவாதி எபிக்கூரஸ் சொன்ன விடை கச்சிதமானது: நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வந்தபின் நாம் இல்லை. இல்லாதவருக்கு என்ன தீங்கு செய்ய முடியும்? இதை ஏற்றால் காஃப்காவுக்கு எந்த அநீதியும் நடக்கவில்லை, ஏனென்றால் அநீதியைப் பெறும் ‘அவர்’ இல்லை. ஆனால் யோசியுங்கள். ஒருவர் இறந்தபின் அவர்மேல் வீண்பழி சுமத்தப்பட்டால், அவருக்கு ஏதோ கெடுதல் நடந்ததாக நமக்குப் படுகிறதே. அரிஸ்டாட்டிலும் இறந்தவர்களின் நற்பேறு பிறகு நடப்பவற்றால் மாறுமா என்று தயங்கித் தயங்கி விவாதிக்கிறார். தீங்கு என்றால் உணரப்பட வேண்டுமா? முதுகுக்குப் பின் செய்த துரோகம் கடைசிவரை தெரியாமலே போனாலும் அது துரோகம்தானே? தீங்கு உணர்ச்சியில் இருக்கிறதா, விருப்பம் முறிவதில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து எபிக்கூரஸ் வெல்வார் அல்லது தோற்பார்.

இன்னொரு முடிச்சும் உண்டு. எழுதிய காஃப்காவும் எரிக்கச் சொன்ன காஃப்காவும் ஒருவரேதானா? கிரேக்க அரசன் மிலிந்தனிடம் நாகசேனர் என்ற பௌத்த துறவி கேட்டது நினைவுகூரத்தக்கது: நீ வந்த தேர் எது? சக்கரமா, அச்சா, நுகத்தடியா? எதுவுமில்லை என்றால் தேர் எங்கே? உறுப்புகள் கூடியிருக்கும்போது நாம் வழங்கும் பெயர்தான் தேர், ஆளும் அப்படித்தான் என்று அவர் காட்டினார். நினைவின் தொடர்ச்சியே ஒருவரை அவராக்குகிறது என்றார் ஜான் லாக். மாறாத ஆன்மா உண்டு என்று நியாய மரபினர் பௌத்தரோடு நூற்றாண்டுக் கணக்கில் வாதாடினார்கள். காலம், காரண காரியம், விருப்புறுதி சுதந்திரமானதா, கடவுள் உண்டா என்பனவும் இந்தக் கிளையில் அடங்கும். ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் கை வைக்காதீர்கள்.

அறவியலில் மூன்று பெரும் போக்குகளைக் காண்பீர்கள். விளைவைப் பார் என்பது பெந்தமும் மில்லும் வளர்த்த போக்கு. இதன்படி, உலகத்துக்குக் கிடைத்த இலக்கியத்தின் முன் எரிக்காததால் வந்த கேடு மிகச் சிறிது. மனிதரை வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே, எல்லாருக்கும் விதியாகக்கூடிய கொள்கைப்படி நட என்பது 1785இல் காண்ட் முன்வைத்தது. காஃப்காவின் எழுத்தை அவர் விருப்பத்துக்கு மாறாக நம் இன்பத்துக்குப் பயன்படுத்துவது அவரையே கருவியாக்குவது ஆகாதா? மூன்றாவது அரிஸ்டாட்டில் வழியில் வருவது: இந்த இடத்தில் நல்ல நண்பன் ஒருவன் எப்படி நடந்துகொள்வான்? நட்பு என்பது சொன்னதைச் செய்வதா, நண்பனின் தன்னம்பிக்கையற்ற கணத்திலிருந்து அவனைக் காப்பதா?

இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்து கட்சி சேர்ந்துவிட வேண்டாம். அதற்குப் பதில் சூழ்நிலையை ஒவ்வொரு கூறாக மாற்றிப் பாருங்கள். எரிக்கச் சொன்னது நாவலுக்குப் பதிலாக ஒரு கொடிய நோய்க்கான மருந்தின் குறிப்பு என்றால்? எரிக்கக் கூடாது என்றுதான் அநேகமாக எல்லாரும் சொல்வார்கள். சரி, அது பிறரின் அந்தரங்கங்கள் நிறைந்த நாட்குறிப்பு என்றால்? எரிப்பதே முறை என்று தோன்றும். ஆக, இறந்தவர் விருப்பம் எப்போதும் வெல்லும் என்பதும் எப்போதும் தோற்கும் என்பதும் நிற்காது. பிறருக்குள்ள தேவை, எழுத்தின் அந்தரங்கத் தன்மை என்று சில கூறுகள் நம் தீர்ப்பைத் திருப்புகின்றன. நாவல் இந்த இரண்டில் எதற்கு அருகே இருக்கிறது? கேள்வி இப்போது பலமடங்கு கூர்மையாகிவிட்டது. 1967இல் ஃபிலிப்பா ஃபுட் எழுதிய தடம் மாறும் டிராம் எடுத்துக்காட்டு (ஐந்து பேரைக் காக்க, ஒருவர் நிற்கும் தடத்துக்கு டிராமைத் திருப்பலாமா?) புகழ்பெற்றதும் இதே முறையால்தான். ஒரு கூறை மட்டும் மாற்றினால் தீர்ப்பு ஏன் மாறுகிறது என்று அது கேட்க வைத்தது.

‘சரி தவறு எல்லாம் அவரவர் பார்வை’ என்ற பதில் இந்தக் கட்டத்தில் கட்டாயம் தலைகாட்டும். அதையும் ஒரு கொள்கையாக எடுத்துச் சோதியுங்கள். எல்லாம் பார்வைதான் என்றால், அடிமைமுறையை எதிர்த்தவர்கள் உண்மையான ஒரு தவறைச் சுட்டிக்காட்டினார்கள் என்று சொல்ல முடியாது. வேறு ரசனை கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல முடியும். அந்த விலையைக் கொடுக்கத் தயாரா? தயார் என்பவர்கள் உண்டு, அவர்களுக்கும் நல்ல வாதங்கள் உண்டு. ஆனால் விவாதத்தை முடித்துவைக்கும் வசதியான வாக்கியமாக அதைப் பயன்படுத்தக் கூடாது. ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘இருக்க வேண்டும்’ என்பது எப்படி வரும் என்று ஹியூம் கேட்ட கேள்வியும் இந்த இடத்துக்கு உரியதே.

அழகியலில் நம் வழக்கு எழுப்பும் கேள்வி: ‘விசாரணை’யின் மதிப்பைத் தீர்மானிப்பது யாருடைய தீர்ப்பு? ரசனை ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும் சிலருடைய தீர்ப்பு மேலானது என்று சொல்ல வழியுண்டா என்பதை ஹியூம் 1757இல் எழுதிய கட்டுரை ஆராய்கிறது. முடிக்கப்படாத அந்த நாவலின் அத்தியாயங்களை வரிசைப்படுத்தியவர் பிராடு. அப்படியானால் நாம் படிப்பது யாருடைய படைப்பு? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் வடமொழி ரசக் கோட்பாடும் கேட்டது வேறொன்று: கலை நம்முள் எழுப்பும் உணர்வு எத்தகையது? அது வாழ்வில் வரும் துயரமும் அச்சமும்தானா, வேறா? தமிழ் வாசகருக்கு இந்தப் பக்கமிருந்து நுழைவது எளிது.

அரசியல் தத்துவத்தில், இறந்தவர்கள் உயிரோடிருப்பவர்களைக் கட்டுப்படுத்தலாமா என்ற கேள்வி திடீரென்று பெரிதாகிறது. உயில் மட்டுமா, அரசியலமைப்புச் சட்டமும் முன்னோர் எழுதி வைத்ததுதானே. பூமியின் பயன் உயிரோடிருப்பவர்களுக்கே உரியது என்று தாமஸ் ஜெஃபர்சன் 1789இல் மேடிசனுக்கு எழுதினார். அடுத்த ஆண்டே எட்மண்ட் பர்க், சமூகம் என்பது வாழ்வோர், மறைந்தோர், இனிப் பிறப்போர் ஆகியோரின் கூட்டு என்று எழுதினார். இந்த இருவரையும் எதிரெதிரே வைத்துப் படித்தால் சொத்துரிமை, வாரிசுரிமை, அரசின் அதிகாரம் எல்லாம் உயிர்பெறும். பிறகு, தன் நிலை என்னவாக இருக்கும் என்று தெரியாத ஒருவர் எந்த விதிகளைத் தேர்வார் என்று 1971இல் கேட்ட ஜான் ராவ்ல்ஸையும், 1974இல் அவருக்கு மறுமொழி எழுதிய ராபர்ட் நோசிக்கையும் படிக்கலாம்.

மனம், மொழி, அறிவியல், சமயம் ஆகியவற்றின் தத்துவங்களும் உண்டு. மேற்சொன்ன கிளைகளின் கேள்விகளே அங்கே குறிப்பிட்ட ஒரு துறையில் போய் உட்காருகின்றன. அடிப்படைக் கிளைகள் பழகியபின் அவற்றுக்குப் போவது நல்லது.

ஐந்தாம் படி: மூலநூல் ஒன்றை மூன்று முறை படியுங்கள்

அறிமுக நூல்களை அடுக்கிக்கொண்டே போகாமல், சின்னதாக ஒரு மூலநூலை எடுங்கள். பிளேட்டோவின் ‘கிரிட்டோ’ பொருத்தமானது. கி.மு. 399இல் மரணதண்டனைக்குக் காத்திருக்கும் சாக்ரட்டீஸைத் தப்பிக்கச் சொல்லி நண்பர் கெஞ்சுகிறார், அவர் மறுக்கிறார். ஒரே அமர்வில் படித்துவிடலாம். எபிக்கூரஸ் மெனோசியஸுக்கு எழுதிய கடிதம் சில பக்கங்கள்தான். தமிழிலேயே தொடங்க விரும்பினால் மணிமேகலையின் 27ஆம் காதையை உரையோடு படியுங்கள். பல சமயத்தாரிடம் அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்கும் பகுதி அது.

முதல்முறை, இவர் கடைசியில் நம்மை எதை ஏற்கச் சொல்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். இரண்டாம்முறை, அதற்கான காரணங்களை எடுகூற்றுகளாக எழுதுங்கள். மூன்றாம்முறை மட்டுமே மறுக்கத் தொடங்குங்கள். முதல் வாசிப்பிலேயே மறுக்கிறவர் பெரும்பாலும் தன் மனதில் இருக்கும் வேறு எவரையோதான் மறுக்கிறார். ஒரு மணி நேரத்தில் ஐந்து பக்கம் என்றால் வேகம் குறைவு என்று எண்ணாதீர்கள். இந்தத் துறையில் அது இயல்பான வேகம். ஆங்கிலம் படிக்க முடிந்தவர்களுக்கு, 1995 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் பெரிய துணை. ஆனால் அதன் கட்டுரைகள் அடர்த்தியானவை, மூலத்தைப் படித்தபின் போங்கள்.

ஆறாம் படி: ஒரு பக்கம் எழுதுங்கள், எதிர்த்தரப்பை முதலில்

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பிரிந்திருக்கிறது. உலகாயதம் தொடங்கிப் பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்த பிறகே தன் கொள்கையை நிறுவுகிறது. இந்த ஒழுங்கை அப்படியே கைக்கொள்ளுங்கள். நீங்கள் பிராடு பக்கம் என்றால், காஃப்காவின் உரிமையை ஆதரிக்கும் மிக வலுவான வாதத்தை முதல் பத்தியில் எழுதுங்கள். அந்தத் தரப்பைச் சேர்ந்தவர் படித்துவிட்டு ‘ஆமாம், நான் சொல்வது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி இருக்க வேண்டும். இரண்டாம் பத்தியில் எந்த எடுகூற்றை ஏற்கவில்லை, ஏன் என்று சொல்லுங்கள். மூன்றாவதில் உங்கள் நிலைப்பாடு. நான்காவதில் உங்கள் நிலைப்பாட்டுக்கு இன்னும் தொல்லை தரும் ஓர் எடுத்துக்காட்டு. அந்த நான்காம் பத்தியை மறைக்காமல் எழுதுகிறவரின் எழுத்தைத்தான் நான் நம்புவேன்.

எழுதியதை இன்னொருவரிடம் கொடுங்கள். ஒத்த கருத்துள்ளவரை விட, மாறுபட்டு யோசித்தாலும் பொறுமையாகக் கேட்கிறவர் பயன்படுவார். பேசும்போது ஒரே ஓர் ஒழுங்கு போதும்: பதில் சொல்லும் முன் அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, ‘சரிதானே?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி சண்டைகள் அங்கேயே கரைந்துவிடும், மீதி சண்டைகள் போடத் தகுதியானவை.

அடுத்த கேள்வி

ஒரு கேள்விக்கு நான்கைந்து வாரம் கொடுங்கள். பிறகு வேறொன்று. மன்னிப்புக் கேட்காதவரை மன்னிக்க முடியுமா? இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா? ஒரு இயந்திரம் ‘வலிக்கிறது’ என்று சொன்னால் அதை எப்போது நம்புவது? இவற்றில் ஒன்றை எடுத்து, இரண்டாம் படியில் செய்ததுபோல் உடையுங்கள். எந்தத் துண்டு உங்களை அதிகம் தொந்தரவு செய்கிறதோ, அந்தத் துண்டு சேரும் கிளையில் அடுத்த மூலநூலைத் தேடுங்கள்.